பாலத்து மாரத்தானுக்கு நீர், உப்பு, சத்து மாத்திரை: எதை, எவ்வளவு?

பாயான் பாரு ஓட்டக்காரர்

அனைவருக்கும் வணக்கம். பினாங்குப் பாலத்து அனைத்துலக மாரத்தானில் இம்முறை முழுத் தொலைவுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். எனக்கு வயது 42, எடை 68 கிலோ. பகல் முழுவதும் குளிர்சாதன அறையில் வேலை. பயிற்சி மாலையிலும் விடியற்காலையிலும்தான். அரை மாரத்தான் வரை ஓடிப் பழக்கம் உண்டு. ஆனால் ஓட்டம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் ஆடுதசை பிடித்துக்கொள்கிறது, வீடு திரும்பியதும் தலை வலிக்கிறது, கறுப்புச் சட்டையில் வெள்ளைவெள்ளையாக உப்புப் பூத்து நிற்கிறது.

நண்பர்களிடம் கேட்டால் ஒருவர் மெக்னீசியம் என்கிறார், ஒருவர் உப்பு மாத்திரை என்கிறார், இன்னொருவர் எல்லா வைட்டமின்களும் அடங்கிய மாத்திரையை நாள்தோறும் விழுங்கச் சொல்கிறார். மருந்தகத்தில் இவை அனைத்தையும் எடுத்துக் கூட்டிப் பார்த்தால் மாதச் செலவு நூறு ரிங்கிட்டைத் தாண்டுகிறது. செலவு செய்ய மனமில்லாமல் இல்லை. எதற்காக விழுங்குகிறோம் என்று தெரியாமல் விழுங்கத்தான் மனம் ஒப்பவில்லை. ஐந்து மணி நேரத்தில் ஓடி முடிக்க எண்ணியிருக்கிறேன். நள்ளிரவு தாண்டித் தொடங்கும் ஓட்டத்துக்கு எவ்வளவு குடிக்க வேண்டும், உப்பு எவ்வளவு, மாத்திரைகள் தேவைதானா என்பதை அனுபவமும் படிப்பும் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பிறை தாதி

வணக்கம் அண்ணா. நான் அவசரப் பிரிவில் பணியாற்றும் தாதி. ஓட்டப் போட்டிகளின் முதலுதவிக் கூடாரங்களிலும் நின்றிருக்கிறேன். மாத்திரைகளைப் பற்றி மற்றவர்கள் எழுதட்டும். அதற்கு முன் உங்கள் வீட்டு எடைக்கருவியை எடுத்து வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அதுவே விடை சொல்லும்.

வியர்வையின் அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும். ஒரே வேகத்தில் அருகருகே ஓடும் இருவரில் ஒருவர் மணிக்கு அரை லிட்டரும் மற்றவர் இரண்டு லிட்டரும் இழக்கக்கூடும். அந்த வியர்வையில் உள்ள உப்பும் அப்படித்தான்: ஒரு லிட்டர் வியர்வையில் சோடியம் ஏறத்தாழ 460 மில்லிகிராமிலிருந்து 1,800 மில்லிகிராம் வரை இருக்கலாம். சட்டையில் உப்புப் பூப்பது நீங்கள் இந்த வரம்பின் மேற்பகுதியைச் சேர்ந்தவராக இருக்கலாம் என்பதற்கு ஓர் அடையாளம். பொட்டாசியம் ஒரு லிட்டருக்கு 150 முதல் 300 மில்லிகிராம் வரைதான் வெளியேறுகிறது. மெக்னீசியம் அதிலும் மிகச் சிறிதளவே. ஆகவே வியர்வையில் போன மெக்னீசியத்தை ஈடு செய்யத்தான் மாத்திரை என்று யாரேனும் சொன்னால் அந்தக் கணக்கு பொருந்தாது.

இனி அளக்கும் முறை. ஓடப் புறப்படுமுன் சிறுநீர் கழித்துவிட்டு, மிகக் குறைந்த உடையோடு எடை பாருங்கள். போட்டியில் ஓடும் வேகத்தில், போட்டி நடக்கும் நேரத்தை ஒத்த வேளையில் ஓடுங்கள். இடையில் குடிப்பதை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். திரும்பியதும் வியர்வையைத் துடைத்துவிட்டு, ஈர உடையைக் களைந்து மீண்டும் எடை பாருங்கள். குறைந்த எடையோடு குடித்த அளவைக் கூட்டி, ஓடிய மணி நேரத்தால் வகுத்தால் உங்கள் வியர்வை அளவு கிடைத்துவிடும். ஒரு கிலோ குறைவை ஒரு லிட்டர் நீராகக் கொள்ளலாம். ஒரு முறை அளந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஒன்றும், காற்றே இல்லாத இரவில் வேறொன்றும் வரும். நம் ஊர் இரவில் வெப்பம் தணிந்தாலும் காற்றின் ஈரப்பதம் தணிவதில்லை. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஆவியாகாமல் சொட்டி விழும் வியர்வை உடலுக்கு எந்தப் பயனும் தராமல் வெறும் இழப்பாகிப் போகிறது.

உடல் எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் நீரிழப்பு ஏற்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2007-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. உங்களுக்கு அது 1.36 கிலோ. அதைச் சற்றே தாண்டினால் ஆபத்து என்று பொருளல்ல. நெடுந்தொலைவு ஓட்டத்தில் பலர் 3 விழுக்காடு குறைந்தும் நலமாகவே முடிக்கிறார்கள். ஆனால் எதிர்த்திசையில், அதாவது எடை கூடும் அளவுக்குக் குடிப்பதில், உண்மையான ஆபத்து உண்டு. 2002-இல் பாஸ்டன் மாரத்தானில் இரத்தம் கொடுத்த 488 ஓட்டக்காரர்களில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தச் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலும் அதற்குக் கீழும், அதாவது இயல்பைவிடத் தாழ்ந்து, இருந்தது தெரியவந்தது. மெதுவாக ஓடியவர்களும் ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுமே அதில் மிகுதியாகச் சிக்கியிருந்தார்கள். சோடியம் மிகவும் தாழ்ந்தால் மூளை வீங்கும். குழப்பம், வாந்தி, வலிப்பு என்று போய் உயிரையே பறிக்கும். ஐந்து மணி நேரத் திட்டத்தோடு ஓடப்போகும் உங்களைப் போன்றவர்களிடம் இதை அழுத்திச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

கொடிமலை ஏறி

தாதி எழுதியதைக் கவனமாகப் படித்தேன். நான் தாவரவியல் பூங்காவின் பக்கமிருந்து ஜீப் பாதை வழியாகக் கொடிமலைக்கு ஏறும் கூட்டத்தைச் சேர்ந்தவன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. எங்கள் இளமைக் காலத்தில் இந்த மாத்திரைகள் ஏதுமில்லை. இறங்கி வந்தால் இளநீர், வீட்டுக்குப் போனால் உப்புப் போட்ட மோர், காலையில் நீராகாரம். இவற்றிலேயே எல்லாச் சத்தும் இருந்தது. இளநீரைவிடச் சிறந்த இயற்கைப் பானம் உலகில் உண்டா? சீனி கலந்த போத்தல் பானங்களை விற்பவர்கள்தாம் நம் பழைய வழக்கங்களை மறக்கச் செய்துவிட்டார்கள் என்பது என் உறுதியான கருத்து. தம்பி இளநீரைக் குடித்துவிட்டு ஓடட்டும், போதும்.

பிறை தாதி

ஐயா, மோரையும் நீராகாரத்தையும் நீங்கள் நினைவூட்டியதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. உப்பிட்ட மோரில் நீர், சோடியம், சிறிது புரதம், கால்சியம் எல்லாம் இருக்கின்றன. ஓடி முடித்த பின் குடிக்க அது மிக நல்ல பானம். இளநீரில் மட்டும் ஒரு வேறுபாட்டைச் சொல்ல அனுமதியுங்கள். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் சோடியம் மிகுதி, பொட்டாசியம் குறைவு. போவது ஒன்றும் வருவது வேறொன்றுமாக இருப்பதால், ஒரு மணி நேர நடைக்கு அது போதுமென்றாலும் ஐந்து மணி நேர ஓட்டத்துக்குத் தனியாகப் போதாது. ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக்கொண்டால் குறை பெருமளவு தீரும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சிறுநீரக நோய் உள்ளவர்களும், இரத்த அழுத்தத்துக்காகப் பொட்டாசியத்தை உடலில் தேக்கும் வகை மருந்துகளை உட்கொள்பவர்களும் இளநீரை நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

சீனியைப் பற்றி ஐயா சொன்னது நாள்தோறும் மேசையில் வைத்துக் குடிக்கும் போத்தல்களுக்கு முழுக்கப் பொருந்தும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நம் மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது இன்னும் மிகுதி. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது நிலைமை வேறு. சிறுகுடலில் குளுக்கோசும் சோடியமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு உள்ளே செல்கின்றன. அவற்றைப் பின்தொடர்ந்து நீர் செல்கிறது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உலகச் சுகாதார நிறுவனத்தின் உப்பு-சர்க்கரைக் கரைசல் இந்த அடிப்படையில் அமைந்ததே. 2002-க்குப் பிந்தைய கலவையில் ஒரு லிட்டருக்குச் சோடியமும் குளுக்கோசும் தலா 75 மில்லிமோல் உள்ளன. நீண்ட ஓட்டத்தில் சர்க்கரை எரிபொருளாகவும் ஆகிறது என்பதால் அளவான சீனி அங்கே தேவைதான்.

செபராங் ஜெயா பயிற்றுநர்

பள்ளி மாணவர்களையும் வார இறுதி ஓட்டக்காரர்களையும் பயிற்றுவிப்பவன் என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்து. எடை பார், வகுத்துப் பார், மணிக்கு இத்தனை மில்லி லிட்டர் குடி என்று அட்டவணை போட்டுக் கொடுத்தால், பலர் தாகமே இல்லாதபோதும் அட்டவணைக்காகக் குடிக்கிறார்கள். தாதி அஞ்சும் நிலை அங்கேதான் உருவாகிறது. நீர் நிலையம் வரும்போதெல்லாம் இரண்டு கோப்பை என்று பழகியவர்கள் என் குழுவிலேயே இருந்தார்கள். ஓட்டம் முடியும்போது கைவிரல் மோதிரம் இறுகி, முகம் உப்பி நின்றார்கள். தாகம் எடுத்தால் குடி, எடுக்காவிட்டால் கடந்து போ என்பதே என் அறிவுரை. 2015-இல் இந்தச் சோடியத் தாழ்வு பற்றிக் கூடிப் பேசிய அனைத்துலக வல்லுநர் குழுவும் தாகத்தின்படி குடிப்பதையே பரிந்துரைத்தது.

தசைப்பிடிப்பு குறித்தும் ஒரு சொல். அதை உப்புக் குறைவு என்று மட்டும் கொள்ளாதீர்கள். பழகாத தொலைவை, பழகாத வேகத்தில் ஓடும்போது களைத்த தசைக்குச் செல்லும் நரம்புக் கட்டளை கட்டுமீறிப் போவதே பெரும்பாலான பிடிப்புகளுக்குக் காரணம் என்று விளையாட்டு மருத்துவர்கள் பலர் இன்று கருதுகிறார்கள். பிடித்த தசையை நீட்டிவிட்டால் சில நொடிகளில் விடுபடுகிறதே, உப்புக் குறைவு நொடிகளில் தீருமா? ஊறுகாய் நீரை ஒரு வாய் விழுங்கினால் பிடிப்பு விரைவாகத் தளர்வதை 2010-இல் ஆராய்ந்தவர்கள் கண்டதும் இதே திசையில்தான் செல்கிறது: இரத்தத்தின் உப்பு மாறுவதற்குள்ளாகவே பிடிப்பு விட்டுவிட்டது. அந்தப் புளிப்புச் சுவை தொண்டையிலுள்ள நரம்புகளைத் தூண்டியதுதான் வேலை செய்திருக்க வேண்டும். பாயான் பாரு நண்பருக்கு மெக்னீசியத்தைவிட, வாரத்துக்கு ஒரு நீண்ட ஓட்டமும் ஆடுதசைக்கு வலுப்பயிற்சியும் மிகுந்த பலன் தரும்.

பிறை தாதி

பயிற்றுநர் சொல்வதை ஏற்கிறேன். எடை பார்ப்பது மேல்வரம்பை அறிந்துகொள்வதற்காகவே. ஒரு மணி நேரத்தில் வியர்ப்பதைவிட மிகுதியாகக் குடிக்கக் கூடாது என்பதை அந்த எண் சொல்கிறது. அதற்குள் எவ்வளவு என்பதைத் தாகம் முடிவு செய்யட்டும். ஆனால் வேகமாக ஓடி மணிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் இழப்பவர்களுக்குத் தாகம் சற்றுப் பிந்தியே வருகிறது. அவர்களுக்குத் தாகத்தோடு ஒரு திட்டமும் வேண்டும்.

ஆயர் ஈத்தாம் அம்மா

இந்த இழையை இரண்டு முறை படித்தேன். என் மகளுக்கு 15 வயது; இடைநிலைப்பள்ளியில் 1,500 மீட்டர் ஓடுகிறாள். நாங்கள் மாட்டிறைச்சி உண்பதில்லை, வீட்டில் செவ்வாய், வெள்ளி சைவம். கடந்த சில மாதங்களாக மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்கிறாள்; ஓட்ட நேரமும் பின்தங்கிவிட்டது. உறவினர் ஒருவர் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்கச் சொன்னார். மருந்தகத்தில் மருத்துவச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. கொடுக்கலாமா?

பிரிக்பீல்ட்ஸ் மருந்தாளர்

அக்கா, தயவுசெய்து மாத்திரைக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். முழு இரத்த எண்ணிக்கையோடு ஃபெரிட்டினையும் சேர்த்துக் கேளுங்கள்; சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டுவது அதுதான். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு வற்றிப்போயிருக்கும் பெண்பிள்ளைகள் ஓட்டக்காரர்களிடையே உண்டு. கடுமையான போட்டிக்கு மறுநாளோ காய்ச்சலின்போதோ பார்த்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும்; ஓய்வான ஒரு நாளில் எடுங்கள்.

பரிசோதனையை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோய். நம் நாட்டில் அதன் மரபணுவைச் சுமப்பவர்கள் எல்லா இனத்திலும் இருக்கிறார்கள். 2016-இல் நான்காம் படிவ மாணவர்களுக்குச் சுகாதார அமைச்சு அதற்கான பரிசோதனையைத் தொடங்கியதும் அதனால்தான். சுமப்பவர்களின் சிவப்பணுக்கள் சிறியவையாக இருக்கும்; மேலோட்டமாகப் பார்த்தால் இரும்புக் குறைவைப் போலவே தோன்றும். இரும்பு உண்மையில் குறையாத பிள்ளைக்கு ஆண்டுக்கணக்கில் இரும்பு கொடுத்தால் பயனில்லை. உடலில் தேங்கித் தீங்கும் செய்யலாம். மிகுதியான இரும்பை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி கிடையாது.

குறைவு உறுதியானால் மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள். வெறும் வயிற்றிலோ, வைட்டமின் சி உள்ள பழத்தோடோ கொடுத்தால் நன்றாக உட்கிரகிக்கப்படும். தேநீரோடும் பாலோடும் கொடுக்கக் கூடாது. தே தாரேக் (பால் கலந்து ஆற்றிய தேநீர்) குடிக்கும் பழக்கம் இருந்தால் உணவுக்கும் அதற்கும் ஒரு மணி நேர இடைவெளி விடச் சொல்லுங்கள். கடும் பயிற்சிக்குப் பின் மூன்று முதல் ஆறு மணி நேரம் வரை ஹெப்சிடின் என்னும் இயக்குநீர் உயர்ந்து இரும்பின் நுழைவைத் தடுக்கிறது. ஆகவே மாலையில் பயிற்சி செய்யும் பிள்ளைக்கு இரவு உணவோடு கொடுப்பதைவிடக் காலையில் கொடுப்பது நல்லது. நாள்தோறும் கொடுப்பதைக் காட்டிலும் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பதில் உட்கிரகிப்பு விகிதம் மேம்படுகிறது என்று 2017-இல் வெளிவந்த ஆய்வும் உண்டு; மருத்துவரிடம் அதையும் பேசிப் பாருங்கள்.

உணவில் ஆட்டு ஈரல், ஆட்டிறைச்சி, கெராங் என்னும் சிப்பி ஆகியவற்றிலுள்ள இரும்பு எளிதில் சேரும். முருங்கைக்கீரை, பருப்பு, கொண்டைக்கடலை ஆகியவற்றிலுள்ளது மெதுவாகச் சேரும். எலுமிச்சை பிழிந்தோ கொய்யாவோடோ உண்டால் கூடுதலாகச் சேரும். நெத்திலியை முள்ளோடு உண்பதாலும் கேழ்வரகினாலும் கால்சியம் கிடைக்கிறது. பசலை வகைக் கீரைகளில் கால்சியம் இருந்தாலும் ஆக்சலேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

கடைசியாக ஒன்றைத் தாயாகிய நீங்கள்தான் கேட்க முடியும்: மகளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? மிகுதியாகப் போனால் இரும்பு குறையும். மூன்று மாதங்களாக வரவில்லையென்றால், ஓடும் அளவுக்கு உண்ணவில்லை என்று பொருள்கொள்ள இடமுண்டு. எலும்பு வலுப்பெறும் வயதில் அது நீடிப்பது நல்லதல்ல. எந்த மாத்திரையும் அதைச் சரிசெய்யாது, வயிறார உண்பதே சரிசெய்யும். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

ஆயர் ஈத்தாம் அம்மா

மிக்க நன்றி. நாளைக்கே கிளினிக்குக்கு அழைத்துச் செல்கிறேன். எடை கூடிவிடும் என்று சோற்றைக் குறைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது நீங்கள் கேட்ட பிறகுதான் என் மனத்தில் தைத்தது.

பாயான் பாரு ஓட்டக்காரர்

மருந்தாளர் ஐயா, எனக்கும் ஒரு விளக்கம் வேண்டும். பல வைட்டமின்கள் அடங்கிய மாத்திரையையும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யையும் எடுத்துக்கொண்டால் நோய் எதிர்ப்பு கூடும் என்கிறார்கள். அதைத் தொடரலாமா?

பிரிக்பீல்ட்ஸ் மருந்தாளர்

வைட்டமின் சி-யில் இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. மாரத்தான் ஓட்டக்காரர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி பெறும் படைவீரர்கள் ஆகியோரிடம் நடந்த ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தொடர்ந்து எடுத்தவர்களுக்குச் சளி பிடிப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனால் நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யோடு வைட்டமின் இ-யும் சேர்த்து வாரக்கணக்கில் கொடுத்த வேறு ஆய்வுகளில், பயிற்சியால் தசைக்குள் நிகழ வேண்டிய மாற்றங்கள் சில மழுங்கின. ஓடும்போது உண்டாகும் ஆக்சிஜன் கழிவுகளே தசைக்கு வலுப்பெறும்படி செய்தி சொல்கின்றன. அச்செய்தியைத் துடைத்துவிடுவது நமக்கு நல்லதல்ல. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. பாசாரில் கிடைக்கும் கொய்யாவில் பாதியே ஒரு நாளுக்குப் போதும்.

வைட்டமின் டி-யைச் சோதித்துப் பார்ப்பது பொருத்தம். வெயிலுள்ள நாடுதானே என்று நினைக்கிறோம்; ஆனால் பகல் முழுவதும் உள்ளே இருந்து இருட்டில் ஓடுபவருக்கு வெயிலே படுவதில்லை, கருமையான தோலில் அது உருவாவதும் மெதுவாகத்தான். குறைந்திருந்தால் மருத்துவர் அளவு சொல்வார். கொழுப்பில் கரையும் ஏ, டி, இ, கே ஆகியவை உடலில் தேங்கக்கூடியவை. டி-யை மருத்துவ ஆலோசனையின்றி நாளொன்றுக்கு 4,000 அலகுக்கு மேல் எடுக்கக் கூடாது. நீரில் கரையும் வைட்டமின்கள் மிகுந்தால் சிறுநீரில் போய்விடும் என்ற நம்பிக்கையும் முழு உண்மையல்ல. பி6-ஐப் பெரிய அளவில் மாதக்கணக்கில் விழுங்கியவர்களுக்குக் கைகால் நரம்பு மரத்துப்போனதுண்டு. முழுச் சைவத்தில் இருப்பவர்களும், நீரிழிவுக்காக மெட்ஃபார்மினை நெடுநாள் உட்கொள்பவர்களும் பி12-ஐப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிறுநீரின் நிறத்தை வைத்து நீரிழப்பை அளப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவும்: பி2 உள்ள மாத்திரையை விழுங்கினால், போதுமான அளவு நீர் குடித்திருந்தாலும் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகவே இருக்கும்.

எதை வாங்கினாலும் உறையில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து, தேசிய மருந்தக ஒழுங்குமுறைப் பிரிவின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். புரதப் பொடி போன்றவை உணவுப்பொருளாக விற்கப்படுவதால் அவற்றில் பெரும்பாலும் இவ்வெண் இருக்காது. ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு உட்படும் விளையாட்டாளர்களுக்குப் பதிவு எண் மட்டும் போதாது. 2000, 2001-ஆம் ஆண்டுகளில் 13 நாடுகளில் வாங்கிய 634 துணை உணவுகளைக் கொலோன் நகர ஆய்வகம் சோதித்தபோது, ஏறத்தாழ 15 விழுக்காட்டில் உறையில் குறிப்பிடாத ஊக்கப்பொருள்கள் இருந்தன. பூப்பந்து வீரர் லீ சோங் வேய் 2014 உலக வெற்றியாளர் போட்டியில் பெற்ற வெள்ளிப் பதக்கத்தை இழந்து எட்டு மாதத் தடை பெற்றதும் தடைசெய்யப்பட்ட டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தால்தான். அவர் ஏமாற்றும் எண்ணம் கொண்டிருக்கவில்லை என்று 2015-இல் விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது; அவர் உட்கொண்ட கார்டிசெப்ஸ் என்னும் பூஞ்சைக் குளிகையின் வழியாக அது உடலுக்குள் போயிருந்தது. புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த அவருக்கே இது நேர்ந்ததென்றால், அக்காவின் மகளைப் போன்ற பள்ளிப் பிள்ளைகள் நண்பர் கொடுத்த பொடியை வாயில் போடுவது எவ்வளவு ஆபத்து என்று எண்ணிப் பாருங்கள்.

சூலியா தெரு வாசகர்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நோன்பு மாதத்திலும் ஓட்டத்தை முழுக்க நிறுத்த மனம் வருவதில்லை. நோன்பு திறந்த பின் ஓடுவது நல்லதா, திறப்பதற்குச் சற்று முன் ஓடுவது நல்லதா? சஹரில், அதாவது நோன்பு தொடங்குமுன் விடியலில் உண்ணும் வேளையில், ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டர் குடித்துவிடும் பழக்கம் எங்கள் வீட்டில் பலருக்கு உண்டு.

பிறை தாதி

வ அலைக்குமுஸ்ஸலாம் அண்ணா. ஒரே மூச்சில் குடிக்கும் நீரில் பெரும்பகுதி ஓரிரு மணி நேரத்தில் சிறுநீராகப் போய்விடும். நோன்பு திறந்ததிலிருந்து படுக்கப்போகும் வரை சிறிது சிறிதாகக் குடியுங்கள். சஹரில் அரை லிட்டர் அளவோடு, உப்பும் சோறும் உள்ள உணவாக உண்ணுங்கள். உணவிலுள்ள சோடியம் நீரை உடலில் தங்கவைக்கும். நோன்புக் கஞ்சி நீரும் உப்பும் மாவுச்சத்தும் சேர்ந்தது. அதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை. நீண்ட ஓட்டத்தைத் தராவீஹ் இரவுத் தொழுகைக்குப் பின்னும், நாற்பது நிமிடத்துக்குள் முடியும் மெதுவான ஓட்டத்தை வேண்டுமானால் நோன்பு திறப்பதற்குச் சற்று முன்னும் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தவுடன் குடிக்க வழி இருக்கிறதே. நீரிழிவு மருந்து உட்கொள்பவர் என்றால் இவற்றில் எதையும் மருத்துவரைக் கேளாமல் செய்ய வேண்டாம்.

பாயான் பாரு ஓட்டக்காரர்

சொன்னபடி அளந்து பார்த்தேன். இரவு பத்து மணிக்கு மேல் கர்னி கடற்கரைப் பக்கம் ஒன்றரை மணி நேரம் ஓடினேன். முன்பு 68.0 கிலோ, பின்பு 67.0, இடையில் குடித்தது 750 மில்லி லிட்டர். ஆக, மணிக்கு 1.2 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. வேறொரு நாள் மாரத்தான் வேகத்தில் மெதுவாக ஓடியபோது மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வந்தது. எனில் மணிக்கு 600 முதல் 700 மில்லி லிட்டர் வரை, தாகத்தைப் பொறுத்து, ஐசோடோனிக் பானமும் (உப்பும் சீனியும் கலந்த விளையாட்டுப் பானம்) நீரும் மாற்றி மாற்றிக் குடிக்கலாம் என்று எண்ணுகிறேன். உப்பு மாத்திரை வேண்டுமா? கால்வலிக்கு முன்னெச்சரிக்கையாக இப்யூப்ரோஃபென் போட்டுக்கொண்டு ஓடலாமா?

பிரிக்பீல்ட்ஸ் மருந்தாளர்

இரண்டாவதற்கு உறுதியாக வேண்டாம் என்று சொல்கிறேன். அவ்வகை வலிநிவாரணி சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கும். நீரை வெளியேற்றும் ஆற்றலையும் மட்டுப்படுத்தும். வெப்பம், நீரிழப்பு, ஐந்து மணி நேர உழைப்பு ஆகியவற்றோடு அது சேர்வது நல்லதல்ல. வலி தாங்காத கால் என்றால் அந்தக் காலோடு ஓடாமல் இருப்பதே சரி.

பிறை தாதி

உங்கள் திட்டம் பொருத்தமாக இருக்கிறது அண்ணா. ஐந்து மணி நேரத்தில் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை குறைவீர்கள்; அது ஏற்கத்தக்கதே. போட்டிக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் முன், கிலோவுக்கு 5 முதல் 7 மில்லி லிட்டர் என்ற கணக்கில் 350 முதல் 475 மில்லி லிட்டர் வரை குடித்துவிடுங்கள். நள்ளிரவு ஓட்டம் என்பதால் அது இரவு உணவோடு சேர்ந்துவிடும். அன்றைய உணவில் ரசமும் சோறும் போல உப்புள்ள எளிய உணவே போதும்.

பெரும்பாலான ஐசோடோனிக் பானங்களில் ஒரு லிட்டருக்கு 400 முதல் 500 மில்லிகிராம் அளவே சோடியம் இருப்பதால், அதையும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தச் சோடியம் தாழவே செய்யும். உறையின் பின்புறம் பார்த்து உங்கள் பானத்தின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் உப்பு மிகுதியாக வியர்ப்பவர். உயர் இரத்த அழுத்தம் இல்லையென்றால் அரைத் தேக்கரண்டி உப்பை ஐந்து மணி நேரத்துக்கான பானத்தில் பகிர்ந்து கலந்துகொள்ளலாம். அதில் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் சோடியம் சேரும். மாத்திரையாக விழுங்கினால் வயிற்றைப் புரட்டக்கூடும். முதலில் பயிற்சியில் முயன்று பார்க்காத எதையும் பாலத்தின் மேல் முயலாதீர்கள். முடித்த பின், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, சில மணி நேரத்தில் பகிர்ந்து, உணவோடு குடியுங்கள். கொடிமலை ஐயாவின் மோர் அப்போது கையில் இருந்தால் மிக நல்லது.

தலைவலி, குமட்டல், தடுமாற்றம் வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கூடாரத்துக்கு வாருங்கள். நீர் குறைந்தவருக்கும் நீர் மிகுந்தவருக்கும் இந்த அறிகுறிகள் ஒன்றுபோலவே இருக்கும்; சிகிச்சையோ நேர் எதிரானது. ஆகவே எங்களிடம் முதலில் சொல்ல வேண்டியது, தொடங்கியதிலிருந்து எவ்வளவு குடித்தீர்கள், வழியில் சிறுநீர் கழித்தீர்களா, தொடங்கும்போது எடை எவ்வளவு என்பதுதான். ஓட்ட எண் அட்டையின் பின்புறத்தில் அந்த எடையை எழுதி வைத்திருந்தால், நீங்கள் பேச இயலாத நிலையில் இருந்தாலும் மருத்துவர் அதைப் பார்த்து முடிவெடுக்க முடியும்.